பருவத்தின் மேல் விழுந்த பழி

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்வதற்குள் நாம் இரண்டு பருவங்களைக் கடந்துவிடுகிறோம். ஆனி, ஆடி மாதங்களில் கீழே புழுதிக்காற்று. மேலே கேரள எல்லையைத் தொட்டதும் சாரலும் மூடுபனியும். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலைத்தொடர் தன் மேற்குச் சரிவிலேயே வாங்கிக்கொண்டுவிடுவதால் நேரும் வேடிக்கை இது. இதை மனிதர்களுக்கு முன்பே பித்தளை அறிந்துகொள்கிறது. கீழே பல நாள் மினுங்கும் குத்துவிளக்கு, மேலே ஏலக்காட்டு வீடுகளில் விரைவிலேயே மங்கிவிடும்.

செம்பும் களிம்பும் தமிழர்க்குப் புதிய சங்கதியல்ல. ஆணவ மலம் உயிரோடு உடன்பிறந்தது என்பதை விளக்கச் சைவ சித்தாந்தம் எடுத்துக்கொண்ட உவமையே செம்பிலுள்ள களிம்புதான். தத்துவவாதிகள் உவமை தேடிய வேளையில் நம் பாட்டிமார் புளியைத் தேடினார்கள். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் ஆக்சைடுப் படலத்தைக் கரைக்கும்; சாம்பலும் செங்கல் பொடியும் தேய்த்தெடுக்கும். பித்தளை என்றால் நமக்கு நினைவில் எழுவது குடமும் விளக்கும்தான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பித்தளைக்கு இன்னொரு வடிவம் வந்து சேர்ந்தது. அதுதான் தோட்டாக் கூடு.

1857இல் இந்தியச் சிப்பாய்களிடையே கொந்தளிப்பை மூட்டிய என்ஃபீல்டு தோட்டா காகிதத்தால் ஆனது. பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். அதில் தடவிய கொழுப்பு எந்த விலங்கினது என்ற கேள்வியே ஒரு பேரரசை உலுக்கியது. பத்தாண்டுக்குள் காட்சி மாறியது. 1866 வாக்கில் எட்வர்டு பாக்ஸர் வடிவமைத்த, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த தோட்டா ஸ்னைடர் துப்பாக்கியோடு வந்தது. ஆனால் சுருட்டிய தகடு சூடான துப்பாக்கிக்குள் சிக்கிக்கொண்டது. 1880களின் சூடான் போர்களில் இந்தக் கோளாறு பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு ஒரே வில்லையிலிருந்து இழுத்து உருவாக்கிய கூடு நிலைபெற்றது. அதற்கான கலவை நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். இன்றும் அதுவே.

இழுத்து உருவாக்குவது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வட்ட வில்லையைக் கிண்ணமாக அழுத்தி, கிண்ணத்தைக் குழலாக நீட்டி, இறுதியில் கழுத்தை நெருக்குகிறார்கள். இடையிடையே காய்ச்சி இளக்கினாலும் கடைசி நெருக்கலின் இறுக்கம் உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியே பார்த்தால் தெரியாது. கையால் தடவினாலும் புலப்படாது.

இந்த இறுக்கத்தோடு தோட்டாக்கள் கப்பலேறி இந்தியா வந்தன. மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும். வெடிபொருளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தபோது, சுடப்படாத தோட்டாக்களின் பித்தளை தானாகவே வெடித்து விரிசல் விட்டிருந்தது. யாரும் அடிக்கவில்லை, வளைக்கவில்லை. மழைக்காலம் வந்தது, விரிசல் வந்தது. எனவே அதற்குப் ‘பருவ வெடிப்பு’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார்கள். குற்றவாளி இந்திய மழை என்று தீர்ப்பும் எழுதியாயிற்று.

உண்மை வெளிவர 1921 ஆயிற்று. மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்த வெடிப்பின் காரணத்தை விளக்கினார்கள். குதிரைச் சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியா ஆகிறது. ஈரக்காற்றில் பித்தளையின் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலத்தில் அது கரைந்து செம்பைப் பிணைத்து இழுக்கிறது. உலோகத்தின் மணிகளுக்கு இடையேயுள்ள எல்லைக் கோடுகளை அரிக்கிறது. உள்ளே ஏற்கெனவே இறுக்கம் இருப்பதால் அரித்த கோடு விரிசலாகப் பிளக்கிறது. ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வெப்பத்தில் மிதமாகக் காய்ச்சினால், வலுவை இழக்காமலேயே உள்ளிறுக்கம் தணியும் என்பதும் அவ்வாய்வுகளிலிருந்து தெளிவாயிற்று.

ஆக, மழை உடந்தை, முதற்குற்றவாளி அல்ல. தொழிற்சாலை விட்டுவைத்த இறுக்கமும் லாயம் கொடுத்த நச்சும் சேர்ந்து செய்த வேலைக்கு, இந்நாட்டுப் பருவத்தின் பெயர் வைக்கப்பட்டது. நாம் இந்தக் கதையை இங்கே சொல்ல விரும்பியதற்குக் காரணமே இதுதான். காலனிய ஏடுகளில் காய்ச்சலுக்கும் சோம்பலுக்கும் பஞ்சத்துக்கும் கூட இந்நாட்டுத் தட்பவெப்பம் பழி ஏற்றிருக்கிறது. பித்தளையின் வழக்கு மறுவிசாரணைக்கு வந்தது; மற்றவற்றில் எத்தனை வந்தன?

மீண்டும் நம் மலைக்கு வருவோம். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்ற பின்னர் மேலே தோட்டங்கள் எழுந்தன. டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிப் பக்கம் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கி, போடி வழியே வெளியுலகம் சென்றன. அரிசியும் பண்டங்களும் அதே வழியில் ஏறின. துரைமார்களின் பங்களாக்களில் வேட்டைத் துப்பாக்கி ஓர் அடையாளம். ஈரத்தில் காகிதக் கூடு ஊதிப்போய்க் குழலுக்குள் நுழைய மறுக்கும். ஆகவே இத்தகைய ஈரநாடுகளுக்குப் பித்தளைக் கூடுகளையே பரிந்துரைத்தார்கள். அவற்றைக் கழுவி, புதிய கேப்பு பொருத்தி, மறுபடி மருந்து நிரப்பலாம் என்பது கூடுதல் வசதி.

கழுவுவதில்தான் சூட்சுமம். கருமருந்து எரிந்த கசடு ஈரத்தை உறிஞ்சிப் பித்தளையைத் தின்னும். உடனே நீரில் கழுவ வேண்டும். பழைய கேப்புகளிலிருந்த பாதரசம் பித்தளைக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். அதை எந்தக் கழுவலும் மீட்காது. அம்மோனியா கலந்த மெருகுப் பூச்சுகளால் தேய்த்தால், லாயத்தில் நடந்த கொடுமையை நம் கையாலேயே செய்தவர்களாவோம். புளியிலோ எலுமிச்சைச் சாற்றிலோ வெகுநேரம் ஊறப்போட்டால் துத்தநாகம் கரைந்து, மேற்பரப்பு செம்பின் இளஞ்சிவப்பைக் காட்டும்.

இன்று மேலைநாடுகளில் தோட்டாவை மறுபடி நிரப்புவோர் மீயொலித் தொட்டியைப் பயன்படுத்துகிறார்கள். நம்மூரில் நகைக்கடையிலும் கண்ணாடிக்கடையிலும் காணும் அதே சிறு தொட்டிதான். நொடிக்கு ஏறத்தாழ நாற்பதாயிரம் அதிர்வுகள் நீரில் நுண்ணிய குமிழிகளை உண்டாக்கி உடைக்கின்றன. உடையும் ஒவ்வொரு குமிழியும் ஓர் ஊசிமுனைச் சம்மட்டி. மிதமான சிட்ரிக் அமிலக் கரைசலில், கை நுழையாத கூட்டின் உட்புறக் கரியைக்கூட அது பெயர்த்துவிடும். இந்தக் கருவிக்கும் போரே தாய். 1917இல் நீர்மூழ்கிகளைக் கண்டறியப் பால் லாஞ்சவான் படிகக்கல்லால் மீயொலி எழுப்பினார். அதே ஆண்டில் குமிழி உடையும்போது பிறக்கும் அழுத்தத்தை ராலே பிரபு கணக்கிட்டார். ஆனால் தொட்டி கசட்டை மட்டுமே நீக்கும், மெருகேற்றாது. விரிசலைக் குணப்படுத்தாது, கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும்.

இந்தியாவில் இது பொழுதுபோக்கு அல்ல. லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரிடம் உரிமம் கேட்டது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த நிறபேதம் இல்லை. ஆனால் தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைக்கும் பாதையைத் திறந்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் பயிர்க்காவலுக்கென்று தனியே சொல்லப்படுவது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அதற்குப் பித்தளைக் கூடே தேவையில்லை. பளபளக்கும் கூடு பங்களாவுக்கும், கெட்டிக்கும் குழல் காட்டுக் குடிசைக்கும் என்று உலோகமும் ஆள் பார்த்தே பழகியிருக்கிறது.

ஆயினும் லாயத்தின் பாடம் இன்றும் பயன்படும். ஏலத்தோட்டக் கிடங்கில் உர மூட்டைகளுக்கு அருகில் மருந்தடிக்கும் பித்தளைக் கருவியை மழைக்காலம் முழுதும் போட்டுவைப்பவர்கள், 1921இன் விளக்கத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். பிறகு அது விரிசல் கண்டால் மழையைத் திட்ட வேண்டியதில்லை.

உலோகவியல் நூல்களில் அந்தப் பழைய பெயர் இன்னும் நீக்கப்படவில்லை. தீர்ப்பு திருத்தப்பட்டு நூறாண்டுகளுக்கு மேல் ஆன பின்னும், குற்றப் பட்டியலில் பருவமழையின் பெயர் அப்படியே இருக்கிறது. போடிமெட்டில் அது வழக்கம்போல ஆனியில் வந்து, யார்மீதும் வழக்குத் தொடராமல் பெய்துவிட்டுப் போகிறது.