கொறங்காடு: திட்டத்தில் இடம் பெறாத நிலம்

காங்கயத்திலிருந்து தாராபுரத்திற்குப் பஸ்ஸில் செல்லும்போது இருபுறமும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். முள் அடர்ந்த பச்சை வேலி, உள்ளே புல்வெளி, ஆங்காங்கே குடை போல விரிந்த வெள்வேல மரங்கள். "தரிசாகக் கிடக்கிறதே!" என்றுதான் புதிதாகப் பார்ப்பவர் எண்ணுவார். ஆனால் அது தரிசு அல்ல. தலைமுறை தலைமுறையாக உழவர் பேணி வந்த மேய்ச்சல் நிலம். அதற்குக் கொறங்காடு என்று பெயர்.

மேற்கு மலைத்தொடரின் மழைமறைவில் உள்ள பகுதி இது. ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். அதுவும் தவறுவதுண்டு. சரளை கலந்த இம்மண்ணில் ஆண்டுதோறும் உழுது விதைப்பது சூதாட்டத்திற்கு ஒப்பாகும். ஆகவே இங்குள்ள உழவர் ஒரு பகுதி நிலத்தை உழாமல் விட்டு, மூன்று தாவரங்களைத் துணைக்கு அழைத்தனர்.

முதலாவது கிளுவை. மழைக்காலத்தில் போத்துகளை நட்டால் வேர்பிடித்து உயிர்வேலியாகிவிடும். கவுதாரிக்கும் கீரிக்கும் அதுவே புகலிடம். இரண்டாவது கொழுக்கட்டைப் புல். வறட்சியில் கருகினாலும் அதன் தூர் சாவதில்லை. ஒரு மழை பெய்தால் மீண்டும் துளிர்க்கும். அதன் வேர்கள் மண்ணைப் பற்றி நிறுத்தி, ஓடும் மழைநீரை மெல்ல நடக்க வைக்கின்றன. மூன்றாவது வெள்வேல். இது அவரைக் குடும்பத்து மரம். காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்க உதவும். புல் காய்ந்த கோடையில் இதன் காய்களே ஆடுகளுக்குத் தீனி. ஆடு தின்ற காயின் விதை புழுக்கையோடு விழுந்து முளைக்கிறது.

ஒரு காட்டில் மேய்ந்த மாடுகளை அடுத்த காட்டிற்கு மாற்றி, புல் வளர அவகாசம் தருவர். காங்கயம் காளை இந்த நிலத்தில் உருவானதே. மாடு, மண், நீர், பறவை நான்கையும் ஒருசேரக் காத்த இம்முறையை நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்று சொன்னால் மிகையாகுமா?

இனி திருப்பூருக்கு வருவோம். 1920-களில் இங்கு பனியன் தொழில் கால் ஊன்றியது. 1970-களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கியது. முதலாளிகளாக உயர்ந்தவர்களில் பலர் உழவுக் குடும்பத்தினர். தொழில் பெருகப் பெருக நிலத்தின் விலை ஏறியது. சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்திற்கென்று கட்டி 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மேல்புறத்தில் ஆலைக்கு இடம் ஒதுக்கியபோது கீழ்ப்புறத்து வயலைக் கணக்கில் எடுக்காததன் விலை அது. உழவரும் கொடுத்தனர், வேலையிழந்த தொழிலாளரும் கொடுத்தனர்.

அதே வட்டாரத்தில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சுமார் 126 ஹெக்டேர் பரப்புள்ள நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. குளம் பொதுச் சொத்து. அதை அரசு காக்க முடிந்தது. கொறங்காடோ பட்டா நிலம். வனச் சட்டம் அதைத் தொடுவதில்லை. 1971-ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டப்படி வரையப்படும் திட்டங்களில் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று வண்ணம் தீட்டுவார்கள். மேய்ச்சல் கொறங்காட்டிற்கென்று தனி வண்ணம் ஏது?

விற்கும் உழவரைக் குறை கூறிப் பயனில்லை. பிள்ளையின் படிப்பிற்கும் மகளின் திருமணத்திற்கும் பணம் வேண்டும். மாடு தரும் வருவாயை மனைக்காரர் தரும் விலையோடு ஒப்பிட்டால் முடிவு என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும். மண்ணரிப்பைத் தடுத்ததற்கும், மழைநீரை நிலத்தடிக்கு அனுப்பியதற்கும் அவருக்கு எவரும் ஒரு காசு கொடுத்ததில்லை.

கொடுக்க முடியாதா? கோஸ்டாரிக்கா நாடு 1997 முதல் காடு காக்கும் நில உரிமையாளருக்குப் பணம் வழங்கி வருகிறது. பின்னர் கொலம்பியா, நிகராகுவா, கோஸ்டாரிக்கா ஆகிய மூன்று நாடுகளிலும் மேய்ச்சல் நிலத்தில் மரமும் உயிர்வேலியும் வளர்த்தவருக்குப் பணம் தந்து சோதித்தனர். மரங்கள் பெருகின. நம் உழவர் எவரும் பணம் தராமலே செய்து வந்த வேலை அது!

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. கொறங்காடுகளை அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். மனைப்பிரிவுக்கு அனுமதி தருமுன் அந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும். காப்பவருக்கு ஊக்கத்தொகை தர வேண்டும். கிளுவை வேலியை ஒரு காலைப் பொழுதில் இயந்திரம் பிடுங்கிவிடும். அதை மீண்டும் அடர்த்தியாக வளர்க்கப் பல ஆண்டுகள் ஆகும். உங்கள் ஊரில் கொறங்காடு இருந்தால், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைப் பற்றி நீங்களே கேளுங்கள்.