பழைய பிஎச்பி செயலிகளின் சர்வர் மாற்றம்

பிஎச்பி மொழியின் பழைய பதிப்பில் எழுதிய வலைச் செயலியைப் புதிய சர்வரில் நிறுவும்போது எழும் கோளாறுகளைக் கண்டறிந்து நீக்கும் பணி. இவற்றில் பல, மென்பொருள்களின் பதிப்பு வேறுபாட்டால் வருபவை.

மொழி: 2015 டிசம்பரில் வெளியான பிஎச்பி 7.0, ‘மைஎஸ்க்யூஎல்_’ எனத் தொடங்கும் பழைய தரவுத்தளக் கட்டளைகளை அடியோடு நீக்கியது. அவற்றை நம்பிய செயலி பெரும்பாலும் வெற்றுப் பக்கமாக நிற்கும். காரணத்தைப் பிழைப்பதிவுக் கோப்பில் பார்க்கலாம். மாற்று, மைஎஸ்க்யூஎல்ஐ அல்லது பிடிஓ. 2020இல் வந்த 8.0இல் ‘==’ ஒப்பீட்டு விதி மாறியது. எண் 0உம் ‘சென்னை’ என்ற சொல்லும் சமம் என்றது 7.4; ஆனால் 8.0 அதை மறுக்கிறது. இத்தகைய பிழை எச்சரிக்கை தராமல் விடையை மட்டும் மாற்றிவிடும்.

தரவுத்தளம்: மைஎஸ்க்யூஎல் 8.0 (2018), இயல்பு எழுத்துக்குறியீட்டை லத்தீன்1இலிருந்து யுடிஎஃப்8எம்பி4க்கு மாற்றியது. லத்தீன்1 அட்டவணையில் யுடிஎஃப்-8 பைட்டுகளாகக் கிடந்த தமிழ் உரை அப்போது உருக்குலைந்து தெரியலாம்: ‘அ’வின் மூன்று பைட்டுகளும் மூன்று தனிக் குறிகளாகிவிடும். தரவு அழிவதில்லை. நெடுவரிசையைப் பைனரி வகைக்கும், பின் யுடிஎஃப்8எம்பி4க்கும் மாற்றினால் எழுத்து மீளும்.

இயங்குதளம்: கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் வழக்கமாகப் பொருட்படுத்தாது, லினக்ஸ் பொருட்படுத்தும். அதனால் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றிய செயலியில் படங்கள், இணைப்புக் கோப்புகள் ‘இல்லை’ என்று வரும்.

நடைமுறை: முழு நகல் எடுத்து, சோதனைச் சர்வரில் பதிப்பைப் படிப்படியாக உயர்த்தி, பிழைகளைத் தீர்த்த பின்னரே முகவரியைப் புதிய சர்வருக்குத் திருப்புவர்.