நாடாளுமன்றத்தில் நமக்கொரு நாற்காலி



"ஓட்டுப் போட்டாச்சு, அதோட நம்ம வேலை முடிஞ்சுது" என்று நம்மவர் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரிதானா? நமது டத்தோ கிராமாட்டின் வரலாற்றையே சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் நாடாளுமன்றத்தில் நம்ம வட்டாரத்தின் பெயரிலேயே ஒரு நாற்காலி இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1959-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சோசலிச முன்னணியின் லிம் கியான் சியூ டத்தோ கிராமாட்டில் வென்று, பத்தாண்டுகள் அங்கே அமர்ந்தார். 1969 மே 10-ல் கெராக்கான் கட்சியின் வி. டேவிட் வென்றார். தொழிற்சங்கத்தில் ஊறிய நம் தமிழர் அவர். 1959-லேயே பங்சார் தொகுதியில் வென்றவர்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னதான் செய்வார்கள்? மக்களவையில் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெற்றவரை மாமன்னர் பிரதமராக நியமிக்கிறார். இன்று 222 இடங்கள். ஆகவே 112 பேரின் ஆதரவு வேண்டும். அந்த ஆதரவு போனால் பதவியும் நிலைக்காது. எதிர்வரிசையில் இருப்பவர்களும் சும்மா இருப்பதில்லை. மந்திரிகளைக் கேள்வி கேட்பார்கள். மந்திரி பதில் சொல்லியாக வேண்டும். ஒரு மசோதா மூன்று வாசிப்புகளைக் கடந்து, மேலவைக்கும் போய், மாமன்னரின் ஒப்புதலுக்கும் போன பிறகுதான் சட்டமாகும். சட்டத்தின் அனுமதியின்றி வரி போட முடியாது.

"இதெல்லாம் பெரிய இடத்து விஷயம், நமக்கென்ன?" என்கிறீர்களா? குறைந்தபட்ச சம்பளத்துக்கு வழிசெய்த சட்டம் 2011-ல் நாடாளுமன்றத்தில்தான் நிறைவேறியது. உங்கள் சம்பளச் சீட்டிலும் அந்த மன்றத்தின் கை இருக்கிறது!

டேவிட் வென்ற மூன்றாம் நாள் மே 13 கலவரம் வெடித்தது. அவசரநிலை வந்தது. நாடாளுமன்றம் நிறுத்திவைக்கப்பட்டது. துன் அப்துல் ரசாக் தலைமையிலான தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நடத்தியது. 1971 பிப்ரவரியில்தான் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. ஏறக்குறைய 21 மாதங்கள்! அதுவரை உத்தரவுகள் வந்தன, ஆனால் எழுந்து நின்று "ஏன்?" என்று கேட்க அவை இல்லை. டத்தோ கிராமாட் மக்கள் ஓட்டுப் போட்டிருந்தும் அவர்கள் குரல் வாசலிலேயே காத்திருந்தது. 2021-ல் பெருந்தொற்றுக் கால அவசரநிலையிலும் ஜனவரி முதல் ஜூலை வரை மன்றம் கூடவில்லை.

1974-ல் தொகுதிகள் மாற்றியமைக்கப்பட்டபோது அந்த நாற்காலியின் பெயரும் மறைந்தது. இன்று டத்தோ கிராமாட், ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கிய ஒரு சட்டமன்றத் தொகுதி.

இன்னொன்றும் கேளுங்கள். ஜார்ஜ் டவுனில் 1951-லேயே நகராட்சித் தேர்தல் நடந்தது. 1957-ல் மாநகரமானபோது முதல் மேயரானவர் டி. எஸ். ராமநாதன் என்னும் தமிழர். 1965-ல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. இன்றுவரை திரும்பவில்லை. சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரைக் கேட்பது என்று வீட்டில் அலுத்துக்கொள்கிறோமே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உறுப்பினரை ஒரு காலத்தில் நாமே தேர்ந்தெடுத்தோம்!

ஆகவே, ஓட்டுரிமை மலையைப் போல அசையாமல் நிற்கும் பொருளல்ல. கவனிக்காத பயிர் போல வாடக்கூடியது. மாணவச் செல்வங்களே, 2021 டிசம்பர் முதல் 18 வயதிலேயே உங்களுக்கு ஓட்டு உண்டு. பெயரும் தானாகவே பதிவாகிவிடும். பரிசுப் புத்தகத்தை வாங்கும் இந்தக் கைகளில் நாளைக்கு ஓட்டுச்சீட்டு வரும். போட்டதோடு நின்றுவிடாதீர்கள். நம்ம உறுப்பினர் மன்றத்துக்குப் போனாரா, என்ன கேட்டார், எதற்குக் கை தூக்கினார் என்று விசாரியுங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். கேட்கிற ஊருக்குத்தான் பதில் கிடைக்கும்!