தேர் காத்த வீதிகள்: மதுரையின் நகர அமைப்பும் பொதுவெளியின் தொடர்ச்சியும்

மதுரையின் பழைய நகரப் பகுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலை நடுவாகக் கொண்டு, ஒன்றையொன்று சூழ்ந்து செல்லும் வீதிகளால் ஆனது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதிகள். அதற்கு வெளியே முறையே சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள். எல்லாவற்றுக்கும் புறத்தே வெளி வீதிகள். இவ்வீதிகளில் இன்று நிற்கும் கடைகளும் வீடுகளும் பெரும்பாலும் அண்மைக் காலத்தவை. தாழ்வாரமும் முற்றமும் கொண்ட பழைய வீடுகள் குறைந்து, அவ்விடங்களில் காங்கிரீட் வணிகக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. ஆனால் வீதிகளின் கோடு மட்டும் நாயக்கர் காலத்திலிருந்து பெரிதும் மாறாமல் இருக்கிறது. கட்டடங்களைவிட, வீதியில் ஊர் கூடி நடக்கும் உரிமையே இத்தொடர்ச்சியைக் காத்து வந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சித்திரைத் திருவிழாவின் தேரோட்டம் நான்கு மாசி வீதிகளில் நடைபெறுகிறது. மாசி மாதத்தில் நடந்துவந்த விழாவைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பது மரபு. விழா மாதம் மாறியது. தேரின் பாதை மாறவில்லை. வடம் பிடித்து இழுக்கப்படும் பெருந்தேருக்கு நேரான அகன்ற தெருவும், மூலைகளில் திரும்பப் போதிய வெளியும் வேண்டும். கடை முன்புறமும் படிக்கட்டும் தெருவுக்குள் நீண்டாலும், ஆண்டுதோறும் தேர் வரும்போது அவை விலகியே ஆகவேண்டும். எழுதப்பட்ட எந்தக் கட்டட விதியையும்விட இந்த ஆண்டுச் சோதனை ஆக்கிரமிப்பைத் திறம்படத் தடுத்திருக்கிறது. சுவாமி தங்கிச் செல்லும் மண்டகப்படிகளும் இவ்வாறே செயல்பட்டன: குறிப்பிட்ட சமூகமோ குடும்பமோ அறக்கட்டளையோ ஒரு நாள் விழாவுக்குப் பொறுப்பேற்பதால், ஓர் இடத்தின் மீதான பழைய உரிமை தலைமுறைதோறும் புதுப்பிக்கப்பட்டது.

நகரின் பெரிய உடைப்பு 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிகழ்ந்தது. கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடிக்கவும் அகழியைத் தூர்க்கவும் முனைந்தார். மதிலை இடித்து அகழியை நிரப்புவோருக்கு அந்த நிலமே உரிமையாகும் என்று அறிவித்ததால், பெருஞ்செலவின்றி வேலை நடந்தது. நெரிசலில் இருந்த ஊருக்குக் குடியிருப்பிடமும் கிடைத்தது. நாயக்கர் காலப் பாதுகாப்பு அரண் ஒன்று இவ்வாறு மறைந்தது பேரிழப்பே. ஆனாலும் மதில் நின்ற சுற்றுக்கோட்டைத் தழுவியே வெளி வீதிகள் அமைந்ததால், புதிய சாலைகளும் பழைய அடுக்கமைப்பின் தொடர்ச்சியாக இன்னொரு சுற்றாயின. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்பணியில் ஈடுபட்ட அளவையாளர், மேற்பார்வையாளர் பெயர்களை இன்றும் தாங்குகின்றன. பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூண் இன்று ஒரு கடைவீதிச் சந்திப்பின் பெயராகப் புழங்குகிறது. பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே எஞ்சியுள்ள கொத்தளம் மட்டுமே கோட்டையின் கனத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது.

இத்தொடர்ச்சியை முழுதும் போற்றத்தக்கதாகக் கொள்வது தவறு. கோயிலைச் சுற்றிய வீதிகளின் ஒழுங்கு சாதி ஒழுங்கோடும் பிணைந்திருந்தது. கோயிலுக்குள் நுழையும் உரிமை ஒரு பகுதி மக்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சி கோயிலுக்குள் சென்றது, மதுரையில் பொதுவெளி என்பதன் எல்லையையே விரித்தது. தொன்மையான வீதி உண்மையில் பொதுவானதாக ஆகும் பணி இருபதாம் நூற்றாண்டில்தான் சூடுபிடித்தது. 1921 செப்டம்பரில் காந்தி அரையாடைக்கு மாறியது மேலமாசி வீதி வீடொன்றில்தான். கோயில் வீதி அரசியல் வெளியாகவும் மாறிய காலம் அது.

பாதுகாப்பும் பயன்பாடும் மோதும் இடமாகப் புதுமண்டபம் விளங்குகிறது. திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கோயிலின் கிழக்கே எழுப்பிய இந்தச் சிற்ப மண்டபத்தில், பின்னாளில் தையற்காரர்களும் புத்தக, பாத்திர வணிகர்களும் கடை கொண்டனர். அழகர் திருவிழாவுக்கான உடைகளும் இங்கே தைக்கப்பட்டன. தூண் சிற்பங்களின் மீது அடிக்கப்பட்ட ஆணியும் படிந்த அழுக்கும் சேதமே. 2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் ஏற்பட்ட தீ, கல் மண்டபங்களில் கடை வைப்பதன் ஆபத்தை மறுக்கமுடியாமல் காட்டியது. புதுமண்டப வணிகர்களுக்கு அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்தில் இடம் ஒதுக்கியது சரியான முடிவு. கடைகளை ஊரின் புறத்தே தள்ளியிருந்தால், சிற்பத்தைக் காத்து அதைச் சுற்றிய தொழில் வலையை அறுத்ததாகியிருக்கும்.

கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட உயரத்தை 9 மீட்டருக்கு மட்டுப்படுத்தும் விதி, கோபுரங்கள் தெரிவதைக் கருதி எழுந்தது. அது தேவையான விதி. ஆனால் உயரம் மட்டுமே அளக்கப்படும்போது, திண்ணை போய்க் கண்ணாடி முகப்பு வருவதும், சந்து அடைபடுவதும், மண்டகப்படி நிற்கும் இடம் வாகன நிறுத்தமாவதும் கணக்கில் வருவதில்லை. சித்திரை வீதிகளில் வாகனங்களைத் தடை செய்து நடைபாதையாக்கியது, வீதியை மீண்டும் நடப்போருக்கு அளித்தது. அடுத்த தேவை மாசி, ஆவணி மூல வீதிகளில் தேர்ப்பாதை, மண்டகப்படி இடங்கள், பொதுச் சந்துகள், சிறு வணிகம் நடக்கும் தரைத்தள முகப்புகள் ஆகியவற்றை நகர வரைபடத்தில் தனித்தனியே குறித்து, கட்டட அனுமதியை அக்குறிப்புகளோடு இணைப்பது.