நம்பர் பிளேட்டை போலீஸ் பார்க்கலாம்... செல்போனை பார்க்கலாமா? வாகன சோதனையில் வண்டி ஓட்டுபவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

புதுக்கோட்டை:-

புதுக்கோட்டை நகரம், கீரனூர், ஆலங்குடி, அறந்தாங்கி, விராலிமலை, கிழக்கு கடற்கரை சாலையில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று எந்த பக்கம் போனாலும் ரோந்து போலீசார் கை காட்டி வண்டியை நிறுத்துவது சாதாரணம். முன்பெல்லாம் லைசென்ஸ், ஆர்.சி. புக்கை வாங்கி பார்த்து விட்டு அனுப்பி விடுவார்கள். இப்போது போலீசார் கையில் உள்ள கருவியில் வண்டி நம்பரை தட்டினாலே போதும். வண்டி யார் பெயரில் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கா, பழைய அபராதம் பாக்கி இருக்கா என்ற விவரம் எல்லாம் வந்து விழுந்து விடும்.

'நாம ஒரு தப்பும் செய்யலையே, நம்ம விவரத்தை எதுக்கு எடுத்து பார்க்கணும்?' என்று மோட்டார் சைக்கிளில் வேலைக்கு போகிறவர்கள், ஆட்டோ, சரக்கு வேன் டிரைவர்கள் நினைப்பது உண்டு. இதற்கு சட்டத்தில் பதில் இருக்கிறது.

நம்பர் ரகசியம் இல்லை

வண்டி நம்பர் என்பது எல்லோரும் பார்ப்பதற்காகவே எழுதப்படுவது. புதுக்கோட்டை வட்டார போக்குவரத்து அலுவலகத்தில் பதிவான வண்டி என்றால் டி.என்.55 என்று தொடங்கும். அந்த நம்பரை போலீசார் பார்ப்பதற்கோ, குறித்துக் கொள்வதற்கோ யாருடைய அனுமதியும் தேவை இல்லை. திருட்டு வண்டியும், போலி நம்பர் வண்டியும் சிக்குவதே இப்படித்தான்.

நம்பரை மறைப்பதும், ஸ்டைலாக எழுதுவதும் தான் குற்றம். மோட்டார் சைக்கிளில் முன்பக்க எழுத்து 30 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். பின்பக்கம் எழுத்து 35, எண் 40 மில்லிமீட்டர். கார், லாரிக்கு 65 மில்லிமீட்டர். 2019-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதிக்கு பிறகு வந்த புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். விதியை மீறினால் முதல் தடவை ரூ.500, மறுபடியும் சிக்கினால் ரூ.1,500 அபராதம்.

துரத்துவதை விட நம்பர் மேல்

நம்பரை குறித்துக் கொண்டு நோட்டீசு அனுப்புவதால் உயிர்ச்சேதத்தை தவிர்க்கலாம். 2018-ம் ஆண்டு மார்ச் 7-ந்தேதி நம் பக்கத்து மாவட்டமான திருச்சியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. துவாக்குடி பகுதியில் ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் சென்ற தம்பதியை போலீஸ் இன்ஸ்பெக்டர் துரத்தி சென்று, திருவெறும்பூர் அருகே மோட்டார் சைக்கிளை எட்டி உதைத்ததாக புகார் எழுந்தது. கீழே விழுந்த பெண் இறந்து போனார். ஆயிரக்கணக்கானோர் மறியல் செய்தனர். இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார்.

அடுத்த ஆண்டு நவம்பரில் கேரள ஐகோர்ட்டு ஒரு வழக்கில், ஹெல்மெட் போடாதவர்களை துரத்தியோ, நடுரோட்டில் பாய்ந்தோ பிடிக்கக்கூடாது, கேமராவில் நம்பரை பதிவு செய்து நடவடிக்கை எடுங்கள் என்று கூறியது.

என்னென்ன காட்ட வேண்டும்?

மோட்டார் வாகன சட்டம் 130-வது பிரிவின்படி, சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் கேட்டால் டிரைவர் லைசென்சை காட்டியே ஆக வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 139-ன்படி ஆர்.சி., இன்சூரன்ஸ், புகை சான்று, வாடகை வண்டி என்றால் பெர்மிட், எப்.சி.யும் காட்ட வேண்டும். 2018-ம் ஆண்டில் இருந்து டிஜிலாக்கர், எம்-பரிவாகன் ஆப்பில் காட்டினாலும் செல்லும்.

2020-ம் ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி வந்த திருத்தம் நிறைய பேருக்கு தெரியாது. ஆன்லைனில் ஆவணம் சரியாக இருந்தால் பேப்பரை கேட்கக்கூடாது. அதோடு, எந்த அதிகாரி, எந்த தேதியில், எத்தனை மணிக்கு சோதனை செய்தார் என்பதும் இணையதளத்தில் பதிவாக வேண்டும். ஒரே வண்டியை திரும்ப திரும்ப நிறுத்தி டிரைவர்களை அலைக்கழிக்கக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று மத்திய அரசு அப்போது தெரிவித்தது.

லைசென்சை பறிமுதல் செய்தால் அதற்கு ரசீது தர வேண்டும். வண்டியின் சாவியை பிடுங்கலாம் என்று சட்டத்தில் எந்த பிரிவும் இல்லை.

செல்போனை கேட்டால்?

ஆப்பில் ஆர்.சி.யை காட்டும்போது செல்போன் திரையை காட்டினால் போதும். போனை வாங்கி வாட்ஸ்-அப், போட்டோ எல்லாம் பார்க்க மோட்டார் வாகன சட்டம் அதிகாரம் தரவில்லை. வழக்கு விசாரணை என்றால் அது வேறு கதை, அதற்கு தனி நடைமுறை உண்டு. 2021-ம் ஆண்டு அக்டோபரில் ஐதராபாத்தில் ரோட்டில் போனவர்களை நிறுத்தி, செல்போனில் 'கஞ்சா' என்று தேடிப்பார்த்தது பெரிய சர்ச்சை ஆனது.

தனிமனித ரகசியம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் அமர்வு 2017-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந்தேதி தீர்ப்பு அளித்துள்ளது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தின்படி, போலீசார் சோதனை போட்டு பொருட்களை கைப்பற்றினால் அதை வீடியோ எடுக்க வேண்டும். பெண்ணை சோதனையிட வேண்டும் என்றால் பெண் போலீஸ் தான் செய்ய வேண்டும்.

கேமரா வைத்தால் போர்டு வேண்டும்

2021-ம் ஆண்டு ஆகஸ்டில் வந்த 167ஏ விதி, நம்பரை தானாக படிக்கும் கேமரா, போலீசார் சட்டையில் மாட்டும் கேமரா ஆகியவற்றை அனுமதிக்கிறது. ஆனால் கேமரா உள்ள பகுதிக்கு முன்பே எச்சரிக்கை பலகை இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் போட்டோ ஆதாரத்துடன் நோட்டீசு வர வேண்டும்.

கவலை எங்கே இருக்கிறது?

நம்பரை போலீசார் பார்ப்பதால் பெரிய ஆபத்து இல்லை. அந்த நம்பருக்கு பின்னால் உள்ள பெயர், முகவரி, செல்போன் எண் யார் கைக்கு போகிறது என்பது தான் பயம். 2019-ம் ஆண்டில் மத்திய அரசே வாகன, லைசென்ஸ் விவரங்களை மொத்தமாக விற்க கொள்கை கொண்டு வந்தது. 87 தனியார் நிறுவனங்கள், 32 அரசு அமைப்புகளுக்கு விவரம் கொடுத்து ரூ.65 கோடி கிடைத்ததாக அந்த ஆண்டு ஜூலையில் பாராளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதால் 2020-ம் ஆண்டு ஜூனில் அந்த கொள்கை கைவிடப்பட்டது.

2024-ம் ஆண்டு மே மாதம் தமிழக போலீசாரின் முகம் கண்டறியும் மென்பொருள் தளத்திலேயே மர்ம நபர்கள் புகுந்ததை போலீஸ் துறை ஒப்புக்கொண்டது. தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் 2023-ல் நிறைவேறி, 2025 நவம்பரில் விதிகள் வந்துள்ளன. ஆனால் குற்றத்தை தடுக்க எடுக்கும் தகவலுக்கு அந்த சட்டத்தின் பல பிரிவுகளில் விலக்கு உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

நாம செய்ய வேண்டியது

* வண்டியை விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வரை விபத்து இழப்பீடு பழைய ஓனர் தலையில் தான் விழும் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது.

* ஆர்.சி.யில் இப்போதைய செல்போன் எண்ணை பதிவு செய்யுங்கள். உங்கள் நம்பரை வேறு வண்டியில் யாராவது மாட்டி ஓட்டினால் அபராத தகவல் உடனே உங்களுக்கு வரும். போகாத ஊரில் அபராதம் விழுந்தால் போட்டோவை பார்த்து, போலீசில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

* 'உங்கள் வண்டிக்கு அபராதம்' என்று வாட்ஸ்-அப்பில் வரும் ஆப்பை தொடாதீர்கள். தொட்டால் வங்கி கணக்கு காலி. அரசு இணையதள முகவரி 'ஜி.ஓ.வி.இன்' என்று தான் முடியும்.

* சோதனையில் தகராறு வேண்டாம். வண்டியை ஓரமாக நிறுத்தி ஆவணத்தை காட்டுங்கள். அத்துமீறல் நடந்தால் அதிகாரியின் சட்டையில் உள்ள பெயர், இடம், நேரத்தை குறித்துக் கொண்டு மாவட்ட போலீஸ் சூப்பிரண்டு அலுவலகத்திலோ, மாநில மனித உரிமை ஆணையத்திலோ மனு கொடுக்கலாம். நம்ம வண்டி நம்பரை போலீசார் குறிப்பது போல, அவர்கள் பெயரை நாமும் குறித்துக் கொள்ளலாம். அதில் தவறு இல்லை.