வாலிழந்த புழுவின் வரலாறு

பள்ளியில் விலங்கியல் பயின்றவர் எவரும் மண்புழுவை மறந்திரார். அதன் உடல் வளையம் வளையமாக அமைந்தது. அவ்வளையங்களைக் கண்டங்கள் என்பர். பின்னிருந்து முன்னாகத் தடவினால் நுண்முட்கள் விரலில் சொரசொரக்கும். இவ்விரண்டு அடையாளங்களையும் மனத்திற் கொள்ளுங்கள். நான் கூறவிருக்கும் வழக்கில் இவையே சாட்சிகள்.

நான் கல்லூரியில் பயின்ற நாளில், ஆழ்கடற் குழாய்ப்புழுக்களை விலங்குலகின் தனித் தொகுதி ஒன்றாகப் படித்தேன். தேர்விலும் அவ்வாறே எழுதினேன். இன்றைய மாணவர் அவ்விடையை எழுதினால் பிழையாகும். அது மாறிய வரலாறு அறியத் தக்கது.

1899, 1900 ஆகிய ஆண்டுகளில் 'சிபோகா' என்னும் டச்சுக் கப்பல் இன்றைய இந்தோனேசியக் கடல்களில் ஆய்வு நிகழ்த்திற்று. ஆழத்துச் சேற்றிலிருந்து வந்தவற்றுள், நீண்ட குழாய்களில் வாழும் நூல்போன்ற புழுக்கள் சில இருந்தன. அவற்றைப் பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் கோல்ரி ஆராய்ந்தார். அவற்றுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை! 1914-இல் அவற்றுக்குச் 'சிபோக்ளினம்' என்று பெயரிட்டு, ஒரு குடும்பத்தையும் வகுத்தார். ஆயின் அக்குடும்பம் எத்தொகுதியைச் சார்ந்தது என்று அவர் துணியவில்லை.

பின்வந்தோர் துணிந்தனர். 1933-இல் உஷாகொவ் என்னும் ருஷ்ய அறிஞர் ஓகாட்ஸ்க் கடலில் கிடைத்த இத்தகைய புழுவொன்றை, மண்புழுவுக்கு உறவான வளையப் புழுக்களோடு சேர்த்தார். 1937-இல் ஸ்வீடன் நாட்டு யோஹான்சன் அதனைப் பிரித்து, 'பொகொனொபோரா', அதாவது தாடி தாங்கிகள், என்னும் தனி வகுப்பை அமைத்தார். உணர்விழைகள் தாடிபோல் தொங்குவதால் வந்த பெயர் அது. 1944-இல் அவ்வகுப்பு தொகுதியாக உயர்ந்தது. அடுத்து, இப்புழுக்களைப் பல்லாண்டு ஆராய்ந்த ருஷ்ய அறிஞர் இவானொவ், இவை நட்சத்திரமீனும் முதுகெலும்புடையனவும் அடங்கிய பெருங்கிளையைச் சார்ந்தவை என்றார். எளிய புழு நமக்கே உறவாயிற்று!

இவானொவ் கூரிய பார்வையினர். எனினும் அவர் கையில் இருந்தது முழுப்புழு அன்று. கப்பலின் வலை சேற்றைக் கிழித்து இழுக்கையில் மெல்லிய உடல் அறுந்துவிடும். வால்நுனி சேற்றிலேயே தங்கிவிடும். வாயும் குடலும் இல்லாத உடலில் முதுகு எது, வயிறு எது என்று தெளிவதும் அரிதாயிற்று.

1964-இல் வெப் என்னும் ஆய்வாளர் நார்வேக் கடலில் கிடைத்த புழுவின் வால்நுனியை விவரித்தார். அங்கே கண்டங்கள் இருந்தன; கண்டந்தோறும் நுண்முட்களும் இருந்தன. மண்புழுவின் சாட்சி வந்துவிட்டது.

ஆயினும் தீர்ப்பு உடனே மாறவில்லை. 1977-இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், 'ஆல்வின்' என்னும் நீர்மூழ்கி வெந்நீர் ஊற்றுக்களைக் கண்டது. அவற்றைச் சூழ்ந்து, செந்நிறக் குஞ்சம் சூடிய, ஆளுயரத்தை எட்டும் குழாய்ப்புழுக்கள் நின்றன. வாயின்றி இவை உண்பது எவ்வாறு? 1981-இல் கோலீன் கேவனா முதலியோர் விடை தந்தனர். புழுவின் உடலுள் பாக்டீரியங்கள் குடியிருக்கின்றன. ஊற்றுநீரின் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றல் பெற்று, அவை உணவை ஆக்குகின்றன. புழு அதனால் வாழ்கிறது. 1985-இல் இப்பெரும் புழுக்களுக்கென மற்றுமொரு தொகுதியே வகுக்கப்பட்டது.

பின்னர், உயிரணுவின் மரபுப்பொருளை ஒப்பிடும் முறை வந்தது. 1997-இல் வெளிவந்த ஆய்வுகள் இவையனைத்தும் வளையப் புழுக்களே என்று காட்டின. இரண்டு தொகுதிகளும் கலைந்து ஒரே குடும்பமாயின. அக்குடும்பத்தின் பெயர் சிபோக்ளினிடே. 1914-இல் கோல்ரி இட்ட பெயர்தான்! தொகுதியைச் சொல்லாது விட்ட அவருடைய பெயர், எட்டு பத்தாண்டுகளுக்குப் பின் நிலைபெற்றது.

இதனால் இவானொவ் முதலியோர் உழைப்பு வீணென்று எண்ணற்க. அவர்கள் கண்டு வரைந்த உறுப்புக்களை இன்றும் ஆய்வாளர் பயன்படுத்துகின்றனர். அறுந்த உடலை முழுவுடலாகக் கொண்டதே பிழை. மாணவர்களே, நாளை ஆய்வுமேசைமுன் அமர்ந்து ஒன்றைப் பெயரிட முற்படும்போது, உங்கள் கையிலிருப்பது முழுமைதானா என்று முதலிற் பாருங்கள். வால் சேற்றில் தங்கியிருக்கலாம்.