அமெரிக்க அரசுப் பல்கலைக்கழக வளாகங்களில் ஆயுதச் சட்டங்களின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் துப்பாக்கி எடுத்துச் செல்லலாமா என்பதற்கு நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் இல்லை. 1990-இல் காங்கிரஸ் இயற்றிய பள்ளி வளாகத் துப்பாக்கித் தடைச் சட்டம் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளிகளுக்கே பொருந்தும். உயர்கல்வி வளாகங்கள் மாநிலங்களின் பொறுப்பில் விடப்பட்டன. சில மாநிலங்கள் தடை விதித்துள்ளன. சில, முடிவைப் பல்கலைக்கழகங்களிடமே விட்டுள்ளன. வேறு சில, கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துவருவதைப் பல்கலைக்கழகம் தடுக்கக் கூடாது என்கின்றன. துப்பாக்கி வேண்டுமா, வேண்டாமா என்பதோடு, வளாகத்தின் விதியை வகுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதும் இவ்வரலாறு முழுவதும் தொடரும் கேள்வியாகும்.

1824-ஆம் ஆண்டு விதி

வர்ஜீனியா பல்கலைக்கழகம் 1825-இல் திறக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1824 அக்டோபர் 4 அன்று, அதன் ஆட்சிக்குழு மாணவர்களுக்கான விதிகளை வகுத்தது. முன்னாள் குடியரசுத் தலைவர்களான தாமஸ் ஜெஃபர்சனும் ஜேம்ஸ் மாடிசனும் அக்குழுவில் இருந்தனர். மாணவர்கள் வளாகத்துக்குள் மது, பணியாள், குதிரை, நாய் ஆகியவற்றோடு எவ்வகை ஆயுதத்தையும் வெடிமருந்தையும் வைத்திருக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கூறும் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தைக் காங்கிரசில் முன்மொழிந்தவர் மாடிசன். அவரே இத்தடைக்கும் உடன்பட்டார் என்பது பிற்காலத்தில் முக்கியத்துவம் பெற்றது.

விதி இருந்தும் ஆயுதங்கள் வளாகத்தை விட்டு நீங்கவில்லை. 1840 நவம்பரில், முகமூடி அணிந்து கலகம் செய்த மாணவர் ஒருவரை அடையாளம் காண முயன்ற சட்டப் பேராசிரியர் ஜான் டேவிஸ் அம்மாணவரால் சுடப்பட்டு இறந்தார்.

டெக்சாஸ் கோபுரம்

1966 ஆகஸ்ட் 1 அன்று ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியிலிருந்து மாணவர் ஒருவர் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகச் சுட்டுப் பலரைக் கொன்றார். பொதுமக்கள் சிலர் தங்கள் வேட்டைத் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கீழிருந்து திருப்பிச் சுட்டனர். இறுதியில் மேலே ஏறிய காவலர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். பொதுமக்கள் சுட்டதால் கொலையாளி மறைந்துகொள்ள நேர்ந்தது என்பர் ஒரு தரப்பினர். அதே குண்டுகள் மேலே சென்ற காவலர்களுக்கும் ஆபத்தாயின என்பர் மறுதரப்பினர். பின்னாளைய விவாதத்தின் இரு பக்கங்களும் இந்த ஒரே நிகழ்விலிருந்து சான்று காட்டின.

சட்டமன்றங்களும் பல்கலைக்கழகங்களும்

யூட்டா மாநிலம் 2004-இல், அரசுப் பல்கலைக்கழகங்கள் துப்பாக்கியைத் தடை செய்ய முடியாதபடி சட்டம் இயற்றியது. வளாகத்தை நிர்வகிக்கும் தன்னாட்சி தனக்கு உண்டு என்று யூட்டா பல்கலைக்கழகம் வாதிட்டது. மாநில உச்ச நீதிமன்றம் 2006-இல் அவ்வாதத்தை ஏற்கவில்லை.

2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டபின் விவாதம் நாடெங்கும் பரவியது. தடை இருந்ததால்தான் மாணவர்கள் தற்காப்பின்றி இறந்தனர் என்று ஒரு சாரார் கூறினர். மது, மன அழுத்தம், தற்கொலை எண்ணம் மிகுந்த வயதினரிடையே துப்பாக்கிகள் பெருகினால் சாவுகளும் பெருகும் என்று மற்றவர்கள் எச்சரித்தனர். நீதிமன்றங்களும் ஒரே வழியில் செல்லவில்லை. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் தடை செல்லும் என்று வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே, கொலராடோ பல்கலைக்கழகத்தின் தடை மாநிலச் சட்டத்துக்கு முரணானது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் கூறியது.

டெக்சாசில் 2015-இல் நிறைவேறிய சட்டத்தை, முன்னாள் கடற்படைத் தளபதியும் டெக்சாஸ் பல்கலைக்கழகத் தொகுதியின் வேந்தருமான வில்லியம் மெக்ரேவன் எதிர்த்தார். சட்டம் 2016 ஆகஸ்ட் 1 அன்று, கோபுரத் துப்பாக்கிச்சூட்டின் ஐம்பதாம் ஆண்டு நாளில், நடைமுறைக்கு வந்தது. தனியார் பல்கலைக்கழகங்கள் விலகிக்கொள்ளலாம். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அவ்வுரிமை இல்லை. துப்பாக்கி இருக்கக்கூடும் என்ற அச்சம் வகுப்பறை விவாதத்தை முடக்கும் என்று மூன்று பேராசிரியர்கள் தொடுத்த வழக்கும் 2018-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

ஜார்ஜியாவில் நடந்தது இன்னும் வியப்புக்குரியது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நேதன் டீல் 2016-இல் தம் மறுப்பதிகாரத்தால் நிராகரித்தார். அதற்கு அவர் காட்டிய காரணங்களில் ஒன்று, ஜெஃபர்சனும் மாடிசனும் பங்கேற்ற 1824-ஆம் ஆண்டுக் கூட்டத்தின் தீர்மானம். மறு ஆண்டு, மாணவர் விடுதிகள், விளையாட்டரங்குகள் முதலிய இடங்களுக்கு விலக்களித்த புதிய மசோதாவில் அவரே கையொப்பமிட்டார்.

வரலாறு சான்றாகும்போது

பள்ளிகள், அரசுக் கட்டடங்கள் போன்ற நுண்ணிய இடங்களில் ஆயுதத் தடை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008-இல் ஹெல்லர் வழக்கில் குறிப்பிட்டது. 2022-இல் புரூயன் வழக்கில், துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவாயினும் அது நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்திருக்க வேண்டும் என்று விதித்தது. இதனால் பழைய பல்கலைக்கழக விதிகள் நீதிமன்றச் சான்றுகளாயின. ஆனால் 1824-ஆம் ஆண்டு விதி மாணவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. அக்காலத்தில் கல்லூரி, பெற்றோரின் இடத்தில் நின்று மாணவரை நடத்தியது. இன்றைய மாணவர் வாக்குரிமை பெற்ற வயதுவந்தவர். ஒரு காலத்துக் கட்டுப்பாடு மற்றொரு காலத்து உரிமைக்கு அளவுகோலாகுமா என்பதில் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

மாநிலங்கள் இதற்காகக் காத்திருக்கவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள் உரிமம் பெற்றோர் துப்பாக்கி கொண்டுவரலாம் என்ற சட்டம் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில், கொலராடோவில் உயர்கல்வி வளாகங்களில் அதைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது.